‘கோ’வை உடைத்த அனிமேஷன்

நண்பர் ஒருவர் தங்கையின் கல்யாணத்துக்கு வலைப்பக்கமாக ஓர் அழைப்பிதழ் செய்தார். மணமக்கள் பெயர்கள் எழுத்தெழுத்தாக, பனிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாகத் தோன்றித் தெளிய வேண்டும் என்று ஆசை. ஆங்கிலத்தில் அழகாக வந்தது. தமிழில் ‘கோமதி’ என்ற பெயர் வந்தபோதுதான் வினை. முதலில் ஒரு ‘க’. அதன் பக்கத்தில் இரட்டைக்கொம்பு, காலியான புள்ளி வட்டம் ஒன்று, அப்புறம் ஒரு துணைக்கால்.

கண்ணுக்கு மூன்றெழுத்துப் பெயர். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிக்கோடில் அது ஐந்து குறியீடுகள்: க, ஓகாரக் குறி, ம, த, இகரக் குறி. நண்பரின் நிரல் அந்த ஐந்தையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுவிட்டது. ஓகாரக் குறிக்குத் தாங்க ஒரு மெய் வேண்டும். அது கிடைக்காவிட்டால், இங்கே ஓர் எழுத்து இருந்திருக்க வேண்டும் என்று காட்டத்தான் அந்தப் புள்ளி வட்டம்.

இதையே, வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடும் ‘லெட்டர்-ஸ்பேசிங்’ கொண்டு விரித்திருந்தால் ‘கோ’ உடைந்திருக்காது. பிரவுசர் எழுத்துகளை நேராகத் திரையில் கொட்டுவதில்லை. முதலில் வடிவமைப்பு எந்திரம் ஒன்றிடம் கொடுக்கிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ். ஓகாரக் குறியை அது இரண்டாகப் பிளந்து, கொம்பை ‘க’வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கிறது. கூடவே, ‘இந்த மூன்று வடிவங்களும் ஒரே கொத்து’ என்று குறித்தும் தருகிறது. இடைவெளி கொத்துக்குள் நுழையாது, கொத்து முடிந்த பிறகுதான் விழும். எழுத்தின் அளவுதான் ஓர் ‘எம்’; 16 பிக்சல் எழுத்துக்கு 0.1 எம் இடைவெளி என்றால், ‘கோ’வுக்குப் பின் 1.6 பிக்சல், ‘ம’வுக்குப் பின் 1.6 பிக்சல்.

கடைசி எழுத்துக்குப் பின்னாலும் அதே 1.6 பிக்சல் சேர்வதுதான் பழைய வழக்கம். நடுவில் நிறுத்திய தலைப்பு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தாற்போல் தெரிந்தால், கண்ணைச் சந்தேகிக்க வேண்டாம்.

சிக்கலான இடம் ‘க்ஷ’. யூனிக்கோடின் பொதுவான கொத்து விதிப்படி ‘க்’ ஒன்று, ‘ஷ’ இன்னொன்று. எழுத்துருவோ இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாக வரைகிறது. விதியை மட்டும் நம்பி வெட்டினால் ‘பக்ஷி’யின் நடுவே கத்தி விழும். எது ஓர் எழுத்து என்பதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது அவ்வளவு லேசில்லை.

சரி, மங்கலுக்கு வருவோம். அங்கும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்: எதை ஒரே பொருளாக எடுத்துக்கொள்வது?

கணக்கு எளிது. நிறம் எவ்வளவு அழுத்தமாகப் படிய வேண்டும் என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்தான் ஆல்ஃபா. மேலிருக்கும் நிறத்தில் ஆல்ஃபா பங்கு, கீழிருக்கும் நிறத்தில் மீதிப் பங்கு, இரண்டையும் கூட்டு. தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் ஒழுங்குபடுத்திய இந்த முறைதான் இன்றும் ஓடுகிறது. வெள்ளைப் பின்னணியில் பாதி ஒளிபுகும் கறுப்பு எழுத்து வைத்தால், 255 என்ற வெண்மை 128க்குப் பக்கத்தில் சாம்பலாகிவிடும்.

இடைவெளியை எதிர்மறையாக்கி எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால்தான் விளையாட்டு தொடங்கும். நிறத்திலேயே ஆல்ஃபாவை வைத்திருந்தால், பல பிரவுசர்கள் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகப் பூசும். ஏறிய இடத்தில் இரண்டு பூச்சு. 128 அங்கே 64 ஆகி, கறுத்த திட்டாகத் தெரியும். அதற்குப் பதில், மொத்தப் பெட்டிக்கும் சேர்த்து மங்கலைச் சொல்லும் ‘ஒபாசிட்டி’யைப் பயன்படுத்தினால், மொத்த எழுத்தையும் முழுக் கறுப்பில் தனித்தாளில் வரைந்து, கடைசியில் அந்தத் தாளையே ஒரேயடியாக மங்கலாக்கிப் பக்கத்தில் ஒட்டுகிறது பிரவுசர். திட்டு காணாமல் போகும்.

தனித்தாளுக்கு விலையும் உண்டு. பின்னணி என்னவென்று அந்தத் தாளுக்குத் தெரியாது. அதனால் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்களைத் தனித்தனியே ஏற்றியிறக்கி எழுத்தைக் கூராக்கும் கிளியர்டைப் போன்ற வித்தையை அங்கே பெரும்பாலும் கைவிட வேண்டியிருக்கும். அனிமேஷன் ஓடும்போது எழுத்து சற்றே மெலிந்து, முடிந்ததும் ‘டக்’கென்று மாறுவதை விண்டோஸ் கணினிகளில் பார்த்திருப்பீர்கள். அப்புறம், தாளுக்குள் தாள் வைத்தால் மங்கல் பெருக்கிக்கொண்டே போகும். 0.5க்குள் 0.5 என்றால் மிஞ்சுவது 0.25. உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் தெளிவாக்க வழியே இல்லை.

நண்பருக்குத் தீர்வு பிரவுசரிலேயே இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘செக்மென்டர்’ குறியீடுகளாக வெட்டாமல் கொத்துகளாக வெட்டும். ‘கோ’, ‘ம’, ‘தி’ என்று மூன்றும் அழகாக வந்தன. ஆனால் முகூர்த்த நேரத்தைக் காட்டும் பொத்தானை ஒபாசிட்டி பூஜ்யத்தில் ஒளித்து வைத்திருந்தார். பூஜ்யமானாலும் அந்தப் பெட்டி இடத்தை விட்டுப் போவதில்லை, விரல் பட்டால் வேலையும் செய்யும். பெயர் முழுதாகத் தெரிவதற்குள்ளேயே பாதிப் பேர் வெற்றிடத்தைத் தொட்டு முகூர்த்தத்தைப் பார்த்துவிட்டார்கள்.