உதவித்தொகை தாமதமா? முதலில் மருத்துவச் சான்றைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. பொதுவாகப் பாதிப்பு 75 சதவீதம் இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு ஆகியவற்றுக்கு 40 சதவீதமே போதும். பணம் வரவில்லை என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் பலருக்கு, சிக்கல் அதற்கு முந்தைய படியிலேயே, மருத்துவச் சான்றிலேயே இருக்கிறது.

மருத்துவச் சான்று தரும் முகாமுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. காது கேளாமைக்கு ஆடியோகிராம், கைக்குழந்தை என்றால் பெரா (ஒலிக்கு மூளை நரம்பு காட்டும் எதிர்வினையை அளக்கும்) பரிசோதனை, அறிவுசார் குறைபாட்டுக்கு ஐ.க்யூ அறிக்கை, பக்கவாதத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேனும் கையில் இருக்கட்டும். பக்கவாதம் வந்த மறுமாதமே போவதும் வீண்; நரம்பு சார்ந்த பாதிப்பைப் பொதுவாக ஆறு மாதம் கழித்தே மதிப்பிடுவார்கள்.

பலர் கோட்டைவிடுவது இரண்டாவது குறைபாட்டை. 60 சதவீதக் கால் பாதிப்போடு 50 சதவீதச் செவித்திறன் இழப்பும் உள்ளவர், காலை மட்டும் காட்டிவிட்டு 60 என்று சான்று வாங்கி வருவார், விண்ணப்பம் தள்ளுபடியாகும். இரண்டையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். இவருக்கு 30-ஐ 50-ஆல் பெருக்கி வகுத்தால் சுமார் 16.7, மொத்தம் 76.7. எல்லையைத் தாண்டிவிட்டது. எனவே எலும்பு மருத்துவரிடமும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டி ஒரே சான்றாகக் கேளுங்கள். சதவீதம் குறைவு என்று பட்டால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். பழைய சான்றோடு மீண்டும் மீண்டும் விண்ணப்பிப்பதால் பயனில்லை.

தற்காலிகச் சான்று என்றால் காலாவதித் தேதிக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். ஆதார், யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள) அட்டை, பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இது அற்பமாகத் தெரியும், ஆனால் கோப்பை மாதக்கணக்கில் நிறுத்திவிடும்.

யுடிஐடி விண்ணப்பத்தில் முடிவெடுக்க, அதே சட்டத்தின் 2024 திருத்த விதிகள் மூன்று மாதக் கெடு தருகின்றன. மருத்துவக் குழு முடிவெடுக்காமல் இரண்டு ஆண்டு கடந்தால் விண்ணப்பம் செயலிழக்கும், புதிதாகப் போடவோ பழையதை மீண்டும் செயல்படுத்தக் கேட்கவோ வேண்டும். அதனால் மூன்று மாதம் தாண்டியதும் பதிவு எண்ணோடு எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. “கோப்பு இப்போது எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள்.