பூத் ஏஜென்ட் பார்வையாளர் அல்ல, முகவர்

அமெரிக்கத் தேர்தல் செய்தி வந்தாலே ‘போல் வாட்ச்சர்’ தமிழில் ‘தேர்தல் பார்வையாளர்’ ஆகிவிடுகிறார். பென்சில்வேனியாவில் அவரை அமர்த்துவது கட்சியும் வேட்பாளரும்தான். அதாவது நம்மூர் பூத் ஏஜென்ட். இப்போது நம்மூர் ஏஜென்ட்டையும் பார்வையாளர் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

முகவர், முகம் என்பதிலிருந்து வந்தது. ஒருவருக்குப் பதிலாக முகம் காட்டி நிற்பவர். காப்பீட்டு முகவர், பயண முகவர் எல்லாம் அப்படித்தான்.

பார்வையாளர் வேறொருவருக்குப் பட்டா போட்டாகிவிட்ட சொல். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20பி பிரிவின்படி தேர்தல் ஆணையம் அனுப்பும் அரசு அதிகாரி அவர். பல சாவடிகள் கைப்பற்றப்பட்டிருந்தால் வாக்கு எண்ணிக்கையையே நிறுத்தச் சொல்லலாம். முகவரோ 46ஆம் பிரிவின்படி வேட்பாளர் தரப்பு நியமிக்கும் ஆள். சாவடிக்கு ஒருவர், மாற்றிவிட இருவர். “பார்வையாளர் புகார் கொடுத்தார்” என்று செய்தி போட்டால் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்?

சும்மா பார்ப்பதா முகவர் வேலை? வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு, குறைந்தது 50 வாக்கு. முடிந்ததும் வாக்குகள் பதிவாகும் கட்டுப்பாட்டுக் கருவியைக் ‘கிளியர்’ செய்தார்களா, வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் சீட்டுகளை வெளியே எடுத்தார்களா என்று கவனிக்காவிட்டால் மாதிரி வாக்கும் கணக்கில் ஏறிவிடும். கட்டுப்பாட்டுக் கருவியில் ஒட்டும் பச்சைத்தாள் முத்திரையில் கையெழுத்துப் போட்டு அதன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆள்மாறாட்டச் சந்தேகம் வந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அடையாளத்தை மட்டும்தான், பட்டியலில் பேர் இருக்கும் தகுதியை அல்ல. மாலையில் படிவம் 17சி நகல். மொத்தம் பதிவான வாக்கு அதில் இருக்கும். வாக்குச்சாவடி தலைமை அலுவலர் ரசீது வாங்கிக்கொண்டு தந்தே ஆக வேண்டும். சாப்பாட்டு அவசரத்தில் வாங்காமல் கிளம்பிவிட்டால் எண்ணும் நாளில் எதை வைத்து ஒப்பிடுவது?

‘கண்காணிப்பாளர்’ என்று சிலர் திருத்துகிறார்கள். அது இன்னும் மோசம். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் என்றால் மேலே உட்கார்ந்து கீழே இருப்பவர்களை மேய்ப்பவர். சாவடி ஊழியர் ஒருவரையும் முகவர் அதட்ட முடியாது. தேர்தல் கண்காணிப்பாளர் என்று இலங்கையில் சொல்வது கட்சி சாராத குழுக்களை. முகவர் கட்சி சார்ந்தவர். சார்ந்திருப்பதற்குத்தான் அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். அகராதியில் ‘வாட்ச்’ என்பதற்கு நேரே உள்ளதை எடுத்து ‘ஆளர்’ சேர்த்துவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று நினைப்பவர்களை என்ன செய்வது?

முகவர் என்று சரியாகச் சொன்னாலும் ஒரு சிக்கல் உண்டு. ‘வாக்குச்சாவடி நிலை முகவர்’ வேறு ஆள்; வாக்காளர் பட்டியல் வேலைக்குக் கட்சி நியமிப்பவர். அந்தக் கடிதத்தோடு வாக்குப்பதிவு நாளில் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள். வேட்பாளரோ, அவர் சார்பில் தேர்தல் வேலைகளைக் கவனிக்கும் தேர்தல் முகவரோ கையெழுத்திட்ட படிவம் 10 என்ற நியமனக் கடிதம் வேண்டும். அந்தக் கையெழுத்தும் தலைமை அலுவலரிடம் உள்ள மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும்.