தாசில்தார் கையெழுத்து கோப்புக்குள் இருக்கிறது

இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கிய வருமானச் சான்றிதழைக் கணினியில் அடோபி ரீடரில் திறந்தால், கையெழுத்து இருக்கும் இடத்தில் பலருக்கு மஞ்சள் கேள்விக்குறி தெரியும். கூடவே 'சிக்னேச்சர் நாட் வெரிஃபைட்' என்றொரு வரி. அதைப் பார்த்ததும் சான்றிதழ் போலி என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் உண்டு. பச்சை டிக் வந்துவிட்டாலே போதும் என்று வாங்கி வைப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. காரணம் புரிய, அந்தக் கையெழுத்து எப்படிப் போடப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று நகர்ந்து தாசில்தாரின் லாகினுக்கு வருகிறது. ஒப்புதல் தரும்போது அவர் ஒரு யுஎஸ்பி டோக்கனைச் செருகி, பின் எண்ணை அடிக்கிறார். பார்க்க பென் டிரைவ் போலத்தான் இருக்கும். உள்ளே இருப்பது தனியாகக் கணக்குப் போடத் தெரிந்த ஒரு சிப். அந்தச் சிப்புக்குள்ளேயே ரகசியச் சாவி ஒன்றும் பொதுச் சாவி ஒன்றும் ஜோடியாக உருவாகின்றன. பொதுச் சாவியை யாருக்கும் கொடுக்கலாம். ரகசியச் சாவியை வெளியே படித்தெடுக்க முடியாதபடி சிப்பை வடிவமைத்திருக்கிறார்கள்.

சான்றிதழின் பிடிஎஃப் பைட்டுகளை ஷா-256 என்ற கணக்குக்குள் செலுத்தினால் 256 பிட் நீள எண் ஒன்று கிடைக்கும். இதற்கு ஹாஷ் என்று பெயர். வருமானத்தில் 72,000 என்பதை 27,000 ஆக்கினால் இந்த எண்ணில் ஏறக்குறையப் பாதி பிட்டுகள் மாறிவிடும். அதே ஹாஷ் வரும்படி வேறொரு கோப்பைத் தயாரிக்க இன்றுவரை யாருக்கும் வழி தெரியாது. டோக்கனுக்குள் போவது இந்தச் சின்ன எண்தான். ரகசியச் சாவியைக் கொண்டு, ஆர்எஸ்ஏ என்ற 2048 பிட் கையெழுத்துக் கணக்கு நடக்கிறது. 256 பைட் நீளத்தில் விடை வெளியே வருகிறது. அந்த விடைதான் கையெழுத்து. பிடிஎஃப்-இல் இதற்கென முன்கூட்டியே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பைட்டுகளை மட்டுமே ஹாஷ் எடுத்திருப்பார்கள். விடை அந்தக் காலியிடத்தில் போய் உட்காரும். கண்ணுக்குத் தெரிகிற பெயரும் தேதியும் வெறும் படம்.

கோப்பைத் திறக்கும் ரீடர், ஹாஷைத் தானே மறுபடி கணக்கிட்டு, கையெழுத்தைப் பொதுச் சாவியால் சோதித்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. பொருந்தினால் கோப்பு மாறவில்லை என்பது உறுதி. ஆனால் அந்தப் பொதுச் சாவி தாசில்தாருடையதுதான் என்று யார் சொல்வது? உரிமம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனம் ஒன்று அவருடைய அடையாளத்தைச் சோதித்து ஒரு டிஜிட்டல் சான்று தருகிறது. அந்த நிறுவனத்துக்குச் சான்று தருவது, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த, இத்தகைய நிறுவனங்களுக்கான மத்திய அரசின் கட்டுப்பாட்டாளர். அவருடைய மூலச் சான்றோடு சங்கிலி முடிகிறது. இந்த மூலச் சான்று உங்கள் ரீடரின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லாவிட்டால் மஞ்சள் கேள்விக்குறி வரும். 'கணக்கு பொருந்துகிறது, கையெழுத்துப் போட்டவரை எனக்குத் தெரியாது' என்பதே அதற்குப் பொருள்.

கேள்விக்குறியை நீக்க இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் வழி: கையெழுத்தின் மேல் ரைட் கிளிக், சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ், ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட், ட்ரஸ்ட், ஆட் டு ட்ரஸ்டட் சர்டிஃபிகேட்ஸ். தாசில்தார் பெயர் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தே இதைச் செய்துவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து. எந்தப் பெயரிலும் தானே தனக்குச் சான்று தயாரித்துக்கொள்ள இலவச மென்பொருளும் இரண்டு நிமிடமும் போதும். அப்படிப் போட்ட போலிக் கையெழுத்தையும் இதே வழியில் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தால் பச்சை டிக் வரும். சரியான முறை, கட்டுப்பாட்டாளரின் இணையதளத்திலிருந்து மூலச் சான்றைப் பதிவிறக்கி, அந்தச் சான்றின் ஹாஷான கைரேகை எண்ணை ஒப்பிட்டு, அதை மட்டும் சேர்ப்பது. ஒரு கணினியில் ஒரு முறை செய்தால், அந்த மூலத்தின் கீழ் வரும் எல்லா அதிகாரிகளின் கையெழுத்தும் தானாகச் சரிபார்க்கப்படும்.

ரீடர் மென்பொருளையும் புதுப்பித்து வைக்க வேண்டும். ஜெர்மனியின் போஹம் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 பிடிஎஃப் ரீடர்களைச் சோதித்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் 21-ஐ ஏமாற்ற முடிந்தது. கையெழுத்துக்குப் பிறகு கோப்பின் வாலில் புதிய பைட்டுகளை ஒட்டி, உள்ளடக்கம் மாறியது தெரியாமலே மறைத்தது அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று. நிறுவனங்கள் பின்னர் ஓட்டைகளை அடைத்தன. பழைய பதிப்பு இன்னும் ஓடும் கணினியில் அந்த ஓட்டைகள் அப்படியேதான் இருக்கும்.

இவ்வளவு பாதுகாப்பும் ஒரே செயலில் காணாமல் போகும். அச்சடித்தால் கையெழுத்து போய்விடும். ஸ்கிரீன்ஷாட்டிலும் இருக்காது. பிரின்ட் டு பிடிஎஃப் கொடுத்தால் வருவது புதுக் கோப்பு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் போயிற்று. டாக்குமென்ட் ஆக அனுப்பினால் பைட்டுகள் மாறாமல் போய்ச் சேரும். மிகுந்த சேதம் விளைவிப்பது விண்ணப்பத் தளங்களின் '200 கேபிக்குள் பதிவேற்றவும்' என்ற வரி. விண்ணப்பதாரர் கோப்பைச் சுருக்கும் தளத்துக்குப் போகிறார், சுருங்கிய கோப்பில் கையெழுத்து செல்லாமல் போகிறது. ஒரு துறை செலவழித்துச் சேர்த்த பாதுகாப்பை இன்னொரு துறையின் படிவம் அழிக்கிறது. அசல் கோப்பை அப்படியே ஏற்கும் அளவுக்கு வரம்பை உயர்த்துவது ஒரு சிறிய அமைப்பு மாற்றம்தான். வேறெந்தச் செலவுக்கும் முன்னால் அதைச் செய்யலாம்.

தாளில் கொண்டுவந்தால் கியூஆர் குறியை ஸ்கேன் செய்கிறோம். குறியே போலித் தளத்துக்கு இழுக்கக்கூடும். முகவரியில் தொடக்கத்து 'https://'-ஐ விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். நடுவில் வந்தால் பயனில்லை. சான்றிதழ் எண்ணை அரசுத் தளத்தில் கையால் அடித்து, திரையில் வரும் பெயரையும் தொகையையும் தாளோடு ஒப்பிடுவது இன்னும் உறுதி.

ஆர்எஸ்ஏ கணக்கை உடைக்க யாரும் முயலத் தேவையில்லை, டோக்கனும் பின் எண்ணும் ஒரே மேசை டிராயரில் கிடந்தால். நிலுவை நூற்றுக்கணக்கில் சேரும்போது, வெளிவேலையில் இருக்கும் அதிகாரி டோக்கனை உதவியாளரிடம் கொடுத்துவிடுவது நடக்கிறது. சில டோக்கன்கள் 12345678 போன்ற தொடக்கப் பின் எண்ணோடு வருகின்றன; அதை மாற்றாதவர்களும் இருக்கிறார்கள். ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் கடமை என்று சட்டத்தின் 42-ஆவது பிரிவு சொல்கிறது. அது கைவிட்டுப் போனால் சான்றளித்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். இடமாறுதலில் போனவரின் டிஜிட்டல் சான்று காலாவதியாகும் வரை கணக்களவில் செல்லும். ஆகவே விடுவிப்பு நாளன்றே அவருடைய லாகினிலிருந்து டோக்கனை நீக்கியாக வேண்டும்.

இன்னும் தீராத சிக்கல் காலம். சாதிச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதற்கும். அதில் கையெழுத்திட்ட அதிகாரியின் டிஜிட்டல் சான்றோ சில ஆண்டுகளில் காலாவதி ஆகும். 20 ஆண்டு கழித்துத் திறக்கும் ரீடருக்கு, கையெழுத்திட்ட நாளில் அந்தச் சான்று உயிரோடு இருந்ததா, ரத்தாகியிருந்ததா என்று தெரிய வேண்டும். அலுவலகக் கணினிக் கடிகாரம் காட்டிய நேரத்தை நம்ப முடியாது. அதை யாரும் மாற்றலாம். நம்பகமான நேர முத்திரையையும், ரத்தான சான்றுகளின் அன்றைய பட்டியல் விவரத்தையும் கையெழுத்திடும் நொடியிலேயே கோப்புக்குள் சேர்த்துவிட்டால் இது தீரும். பிடிஎஃப் தரத்தில் அதற்கான வசதி இருக்கிறது. உங்கள் கோப்பில் அது உண்டா என்று சிக்னேச்சர் பேனலிலேயே பார்க்கலாம். 'கையெழுத்திட்டவரின் கணினி நேரம்' என்ற குறிப்பு மட்டும் இருந்தால், பழைய சான்றிதழுக்குத் துறையின் தரவுத்தளத்தில் எண்ணைத் தேடிப் பார்ப்பதே வழி.