கம்பி சொல்லாத சுரம்

ஜப்பானிய கிட்டார் கலைஞர் ரியோ கவாசாகியின் 'ஜூஸ்' ஆல்பம் 1976-இல் வந்தது. (பெயரைக் கேட்டதும் பைக் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) நியூயார்க்கில் குடியேறியிருந்த அவர் ஜாஸையும் ஃபங்க் தாளத்தையும் கலந்து வாசித்த ஆல்பம் அது. அதில் கிட்டாரோடு, மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சின்தசைசரும் உண்டு. ஆனால் அதை வாசித்தது வேறொருவர். கிட்டார் கம்பியை வைத்தே சின்தசைசரை இசைக்க முடியாதா? இயற்பியல் படித்த கவாசாகி, ரோலண்ட், கோர்க் நிறுவனங்களோடு சேர்ந்து அப்படியொரு கருவியை உருவாக்குவதில் பங்கெடுத்தார்.

கீபோர்டில் இது சுலபம். ஒவ்வொரு கட்டையும் ஒரு சுவிட்ச்; அழுத்தியதுமே எந்தச் சுரம் என்று கருவிக்குத் தெரிந்துவிடும். கிட்டார் கம்பி எதையும் சொல்லாது, சும்மா அதிரும். சுரம் எதுவென்று கருவிதான் அந்த அதிர்விலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில், கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் சாதாரண பிக்கப் உதவாது. அது ஆறு கம்பிகளையும் ஒரே சமிக்ஞையாகக் கலந்துவிடும். அதனால் கம்பிக்கு ஒன்றாக ஆறு உணரிகளை கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பொருத்துகிறார்கள். அப்புறம் ஒரு முழு அலைவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். வம்பு இங்கேதான். தடித்த 'ஈ' கம்பி விநாடிக்கு சுமார் 82 முறை அதிர்கிறது, அதாவது ஓர் அலைவுக்கு 12 மில்லி விநாடி. உறுதி செய்துகொள்ள இரண்டு அலைவு பார்த்தால் 24 ஆயிற்று. கம்பியை மீட்டும் சிறு தகடான பிக் பட்ட கணத்தில் எழும் 'டக்' சத்தத்தில் ஒழுங்கான அலையே இருக்காது. அது அடங்கவும் காத்திருக்க வேண்டும். வேகமாக வாசிப்பவர் காதுக்கு இந்தத் தாமதம் நன்றாகவே உறைக்கும். மெல்லிய 'ஈ' கம்பிக்கு ஓர் அலைவு 3 மில்லி விநாடிதான், அதனால் அங்கே தொல்லை குறைவு.

எவ்வளவு வேகமான சிப் போட்டாலும், பாதி அலையை வைத்து நம்பகமாக முடிவு சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, கம்பியில் கூடவே எழும் உயர்ந்த சுரங்கள் (மேற்சுரங்கள்) அடிப்படைச் சுரத்தைவிட ஓங்கி ஒலித்தால் கருவி ஏமாந்து ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். அதனால் இதை வாசிப்பவர்கள் மற்றக் கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி, ஒவ்வொரு சுரத்தையும் சுத்தமாகத் தட்டப் பழக வேண்டியிருந்தது.

1980களில் இங்கிலாந்தில் உருவான சின்த்ஆக்ஸ் என்ற கிட்டார் போன்ற கருவி வேறு வழி பிடித்தது. கழுத்திலுள்ள உலோகப் பட்டைகளில் (ஃப்ரெட்) எதைக் கம்பி தொடுகிறது என்பதை மின்சாரம் மூலமே அறிந்துகொண்டது. அலைவுக்குக் காத்திருக்கும் வேலையே இல்லை. கவாசாகியோ அதே பத்தாண்டில் காமடோர் 64 கணினிக்கு இசை மென்பொருள் எழுதப் போய்விட்டார்.