நீலகிரியிலும் பழனி மலையிலும் தூண்டில் போட யாரைக் கேட்க வேண்டும்?

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது தூண்டிலையும் காரில் தூக்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மீன் பிடிக்கும் அனுமதி வேறு, மீன் இருக்கும் தண்ணீர் வரை நடந்து போகும் அனுமதி வேறு. முதலாவது மீன்வளத் துறை சம்பந்தப்பட்டது. இரண்டாவது, மலைப்பகுதியில் பெரும்பாலும் வனத் துறையின் கையில் இருக்கிறது. ஒன்றை வாங்கிவிட்டால் மற்றது தானாகக் கிடைத்துவிடாது.

இந்த இரட்டை ஏற்பாடு புரிய கொஞ்சம் பழைய கதை தேவை. குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீன் நீலகிரியில் இயற்கையாக இருந்ததில்லை. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் அதைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் வானவில் ட்ரவுட் என்ற வகையை இங்கே பெருக வைத்தார்; அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. அதற்கு முன்பே, 1879-இல், நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் தனிச்சட்டம் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் உரிமம் வாங்கிக்கொண்டு தூண்டிலோடு கிளம்புவது சர்வசாதாரணம். பழைய சுற்றுலாக் கையேடுகள் இன்னும் அந்த நினைப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. மீன்வளத் துறையில் ஒரு சீட்டு வாங்கினால் போதும் என்று அவை சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

இடையில் 1972-இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. ட்ரவுட்டுக்குப் பேர்போன முக்குறுத்தி இப்போது தேசியப் பூங்கா. மாயாறு ஓடும் முதுமலை 2007 முதல் புலிகள் காப்பகம். கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி 2013-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தூண்டில் அப்புறம்தான். 'பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேனே' என்று சிலர் வாதாடுவார்கள். மீனுக்கு அது நல்லதாக இருக்கலாம், அத்துமீறி நுழைந்த குற்றத்தை அது போக்காது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தின் பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. விடுமுறைச் செலவில் சேர்க்கிற தொகை இல்லை.

மாயாற்றைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. திமில் மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீன் காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே உள்ளது. மாயாறு அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பட்டியலிட்டது. அங்கே தூண்டிலோடு போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சரணாலயமாக இல்லாத காப்புக்காடுகளுக்கு, அதாவது அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் காடுகளுக்கு, 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது. விதிகளை மீறி வேட்டையாடுவதோடு மீன் பிடிப்பதையும், தண்ணீரில் விஷம் கலப்பதையும் அது ஒரே மூச்சில் தடுக்கிறது. வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியும் குற்றம். காட்டுக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் இது பொருந்தும்.

'உள்ளூர்க்காரர் பிடிக்கிறார், எனக்கு மட்டும் ஏன் தடை?' என்று கேட்பவர்கள் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழும் சமூகங்களுக்கு நீர்நிலைகளிலிருந்து மீன் எடுப்பதைச் சமூக உரிமையாக ஏற்கிறது. நீலகிரியின் இருளர், குறும்பர், பணியர், பழனி மலையின் பளியர் போன்றோர் இந்த உரிமையைக் கோரலாம். அது அவர்கள் வாழ்க்கைக்கான உரிமை. அவர்களில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போனால் அது நமக்கும் ஒட்டிக்கொள்ளாது. மாட்டினால் சிக்கலில் விழுவது அவரும்தான்.

அணைகளில் கணக்கு வேறு. மேல்பவானி, எமரால்டு, பைக்காரா போன்றவை மின் உற்பத்திக்கான அணைகள். கரையில் இறங்கவே கட்டுப்பாடு இருக்கும். மலையடிவாரத்துப் பவானிசாகர், அமராவதி போன்ற நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்கும் உரிமை தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் போன்றோரிடம் இருக்கிறது. அந்த மீன் அங்கே வலை வீசிப் பிழைப்பவர்களின் வருமானம், ஆகவே கேட்காமல் தூண்டில் போடுவது சட்டப்படியும் தப்பு, நியாயப்படியும் தப்பு. கொடைக்கானல் ஏரிக்கு நகராட்சியைக் கேட்க வேண்டும். பேரிஜம் ஏரிக்கு வனத் துறை அனுமதியோடுதான் போகவே முடியும். அது பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி, அதனால் பார்த்துவிட்டு வருவதோடு சரி.

விடுமுறைக்கு வருகிறவருக்கு உண்மையில் சுலபமான வழி, தனியார் எஸ்டேட்டிலோ தங்கும் விடுதியிலோ உள்ள குளம். உரிமையாளர் சம்மதித்தால் போதும், கெண்டையாவது கிடைக்கும்.

அரசு நீர்நிலைதான் வேண்டும் என்றால் உதகையில் உள்ள மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்திலோ, கொடைக்கானலுக்குத் திண்டுக்கல் மீன்வள அலுவலகத்திலோ விசாரியுங்கள். எந்த நீர்நிலை, எத்தனை தூண்டில், எந்தத் தேதிகள், மீனை எடுத்துப்போகலாமா என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். அதே நீர்நிலைக்கு வனத் துறை அனுமதி வேண்டுமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். வாய்மொழி 'போங்க சார்' சோதனைச் சாவடியில் செல்லாது. சொந்த வண்டியில் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு, 2024 மே முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் உள்ள இ-பாஸ் (ஊட்டி, கொடைக்கானலுக்கு வண்டியில் வர இணையத்தில் எடுக்கும் அனுமதி) தனி. அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை.

மலை முடித்துவிட்டுக் கடலுக்கும் போகலாம் என்று திட்டமிடுகிறவர்கள் நாள்காட்டியைப் பார்க்கவும். கோடை சீசன் களைகட்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவில் அடங்கியவை, அங்கே முக்குறுத்திக்கு உள்ள அதே சட்டம்தான்.