இரைச்சலிசை: சொல்லும் பொருளும்

நாய்ஸ் மியூசிக் என்பதற்குத் தமிழில் இரைச்சலிசை என்பதே பொருத்தமான சொல். மெட்டு, சுருதி, தாளம் எதையும் நம்பி நிற்காமல், கரகரப்பு, கீச்சொலி, மின்கருவிகளின் ரீங்காரம் என்று நாம் வழக்கமாக ஒதுக்கித் தள்ளும் ஒலிகளையே இசைக்கு மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளும் வகை இது.

நாய்ஸ் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சண்டை, அமளி என்று பொருள். அதற்கும் முந்தைய வேர், குமட்டலைக் குறிக்கும் நாசியா என்ற லத்தீன் சொல் என்பது பலர் கருத்து. ஆக, பிறப்பிலேயே வெறுப்பைச் சுமந்து வந்த சொல் அது. அந்த வெறுப்பைத் துணிந்து உதறியவர் இத்தாலிய ஓவியர் லூயிஜி ருசோலோ. 1913இல் 'இரைச்சல்களின் கலை' என்ற அறிக்கையை எழுதினார். அப்புறம் கைப்பிடியைச் சுழற்றினால் ஊளையிடும், வெடிபடும், களகளக்கும் மரப்பெட்டிகளைச் செய்து மேடையேற்றினார்.

இந்த வகையைத் தன் வாழ்நாள் வேலையாகவே ஆக்கிக்கொண்டவர் ஜப்பானின் மசாமி அகிதா. 1956இல் டோக்கியோவில் பிறந்தவர், ஓவியம் படித்தவர். மெர்ஸ்போ என்ற அவருடைய மேடைப் பெயர், ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் கழிவுப் பொருள்களைச் சேர்த்துத் தன் வீட்டுக்குள் எழுப்பிய மெர்ஸ்பாவ் என்ற படைப்பிலிருந்து வந்தது. குப்பையிலிருந்து கலை என்பதே அகிதாவின் வழியும். 1980களில் கேசட்டுகளைத் தபாலில் அனுப்பிப் பரப்பியவருக்கு, 2000இல் 50 குறுந்தகடுகள் கொண்ட மெர்ஸ்பாக்ஸ் தொகுப்பு வெளியானது. விரும்பாத ஒலிதான் இரைச்சல் என்றால் தமக்கு பாப் இசைதான் இரைச்சல் என்று அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு இது முழுக்க நியாயமாகவே படுகிறது.

இந்த ஒலி பிறக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். பல ஒலிகளைக் கலந்து கொடுக்கும் மிக்சர் கருவியிலிருந்து வெளியே வரும் ஒலியைத் திருப்பி அதன் உள்வாயிலுக்கே கொடுத்தால், தன்னையே தின்று வளரும் ஒரு கூவல் எழும். இதைப் பின்னூட்டம் என்கிறோம். குமிழை ஒரு மயிரிழை திருப்பினாலும் கூவல் உறுமலாக மாறிவிடும். இசைஞரின் தேர்ச்சி அந்த மயிரிழையில்தான் இருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவப் பொருள், அதாவது ஓசை என்ற பொருள், தருவன என்கிறது தொல்காப்பியம். கம்பலை அழகான சொல்தான், ஆனால் வழக்கொழிந்துவிட்டது. சத்தம் என்றால் எந்த ஒலியும் அதில் அடங்கிவிடும். இரைச்சலோ இன்றும் உயிரோடு இருக்கிறது: கடல் இரைகிறது, மழை இரைகிறது, ரேடியோவும் இரைகிறது. தொடர்ச்சி, அடர்த்தி, சுருதியின்மை மூன்றும் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகின்றன, வெறுப்பு கட்டாயமில்லை. இரைச்சலும் இசையும் எப்படிச் சேரும் என்று கேட்பவர்களுக்கும் தொல்காப்பியத்திலேயே விடை உண்டு. துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகிய ஒலி குறிக்கும் பழஞ்சொற்களை அது 'இசைப்பொருள்' என்கிறது. அங்கே இசை என்றால் ஒலி என்றுதான் பொருள்.

இதைச் செய்பவரை இரைச்சல் இசைஞர் எனலாம். ஓரிடத்தில் ஒலியையே கலைப்படைப்பாக அமைத்து வைக்கும் சவுண்ட் ஆர்ட்டுக்கு ஒலிக்கலை சரியாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 1977இல் அமெரிக்கக் கலைஞர் மேக்ஸ் நியூஹாஸ் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், நடைபாதைக் கம்பிச் சட்டத்துக்கு அடியிலிருந்து ஒரு முழக்கம் எழும்படி அமைத்தார். அது ஒலிக்கலை, அதை இரைச்சலிசை என்று சொல்ல முடியாது.