மருந்தகத்தில் ஒரு பாஸ்புக்

கொரோனா வந்த புதிதில் டாக்டர்களையும் செவிலியர்களையும் ஊரே பாராட்டியது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கும் எனக்கு அப்போது தெம்பு தந்தது எங்கள் பாஸ்புக்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. எங்களுக்கு மருந்து அங்கிருந்துதான் வருகிறது. இந்த ஆண்டு இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று மருத்துவமனையின் பாஸ்புக்கில் வரவு வைப்பார்கள். மாவட்டக் கிடங்கில் இண்டென்ட், அதாவது தேவைப்படும் மருந்துகளின் பட்டியல், கொடுத்து எடுக்க எடுக்க, அதில் கழிந்துகொண்டே வரும். கிடங்குக்கு வரும் மருந்தில் பேட்ச் வாரியாக மாதிரி எடுத்து, தயாரித்த கம்பெனியின் பெயர் தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதில் தேறினால்தான் எங்கள் கைக்கு வரும். அதிகாரி மாறுவார், கிடங்கு ஆள் மாறுவார். நடைமுறை மாறாது. காய்ச்சல்காரர்கள் திடீரென்று இரண்டு மடங்கானால், யாரையும் புதிதாகத் தேடி ஓட வேண்டியதில்லை.

இப்படி ஓர் ஏற்பாடு திணறினால் என்ன ஆகும்? 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே பகுதிக்கு உலகெங்கிலும் இருந்து சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. கொடுத்தவர்களின் மனதில் குறையே இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லை, பலவற்றின் லேபிள் அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழியில். எது தேவை, எவ்வளவு தேவை என்று கேட்டு வாங்கி, பிரித்து அனுப்பும் வேலையைத் தனி மனிதர்களின் நல்லெண்ணம் செய்துவிடாது.

கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு இதே மாதிரி கழகங்களை அமைத்துக்கொண்டன. அமைப்பது ஒரு முறை வேலை, காப்பாற்றுவது தினசரி வேலை. மருந்தாளுநர் பணியிடம் காலியாகக் கிடந்தால் இண்டென்ட் தாமதமாகும், அலமாரியில் மருந்து காலாவதியாகும். புதிய நோய் வரும்போது அந்த ஓட்டைகள்தான் முதலில் பெரிதாகும். என் கவலை அதுதான்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையில் ஒரு மருந்தை வெளியே வாங்கச் சொன்னால், பேசாமல் போய் வாங்கிவிடாதீர்கள். மருந்தகத்துக்கு வந்து, ஸ்டாக் இருக்கிறதா, மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கித் தரவும் மருத்துவமனைக்கு வழி இருக்கிறது. நீங்கள் கேட்டால்தான் அந்தத் தேவை எங்களுக்குத் தெரியும், அடுத்த இண்டென்டில் சேர்ப்போம்.